யானைக்கு அடி சறுக்கும் இடம்

விழாத் தலைவர் அவர்களே, நம் மைதானத்துக்கு விளக்குக் கம்பம் நட்டுக் கொடுத்த வார்டு உறுப்பினர் அவர்களே, முழங்கால் வலியோடு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா முன்வரிசைக்கு வர வேண்டும், வந்த பிறகுதான் தொடங்குவேன். நன்றி ஐயா), வெயிலென்றும் பாராமல் பந்தல் போட்ட உடற்கல்வி ஆசிரியர்களே, பரிசு வாங்க வந்திருக்கிற பிள்ளைகளே, பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்தின் பேருருவங்களில் யாருக்கு உடல்வரம் அதிகம் என்று பேசச் சொன்னார்கள். உயரம், எடை, கால் வேகம், கை நிதானம் என்று நான்காகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் உயரம். ஜார்ஜ் மைக்கன், ஆறடி பத்து அங்குலம், கண்ணில் தடித்த கண்ணாடி. அவரைச் சமாளிக்க முடியாமல் 1951இல் வளையத்தின் கீழே, பந்து போட வருபவர் நின்றுகொண்டே இருக்கக் கூடாத கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். ஏழடி ஓரங்குல வில்ட் சேம்பர்லெய்ன் காலத்தில், 1964இல், அது 16 அடியானது. கரீம் அப்துல் ஜப்பார் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1967இல், பந்தை வளையத்துக்குள் அமுக்கிப் போடுவதையே கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். ஒரு மனிதனின் உடம்புக்கு அஞ்சிக் கோட்டை அழித்துக் கோடு போட்டார்கள் என்றால், அந்த உடம்பு எப்படிப்பட்டது!

எடைக்கு ஷகீல் ஓ'நீல். 140 கிலோவைத் தாண்டிய உடம்பு. 1993இல் அவர் வளையத்தில் தொங்கியதில் நியூ ஜெர்சி மைதானத்துப் பலகை, கடிகாரத்தோடு பெயர்ந்து வந்தது. கால் வேகத்துக்கு ஹக்கீம் ஒலாஜுவான். லாகோஸ் நகரில் கால்பந்து கோல்கீப்பராக நின்று பழகிய கால்கள் அவை. 13 பருவங்களில் 11 பட்டம் வென்ற பில் ரஸ்ஸல் உயரம் தாண்டும் வீரரும்கூட.

என்னைக் கேட்டால், உடல்வரத்தில் வில்ட்டுக்கு மிஞ்சி ஒருவர் இல்லை. ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். அந்த யானை சறுக்கிய இடம் ஃப்ரீ த்ரோ கோடு. எதிரணி விதி மீறித் தடுத்தால், அதாவது ஃபவுல் செய்தால், யாரும் மறிக்காமல் நின்று வீசுகிற கோடு அது.

1962 மார்ச் 2. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊர். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. வில்ட்டின் அணி வாரியர்ஸ், எதிரணி நியூயார்க் நிக்ஸ். பாதி ஆட்டத்தில் வில்ட் 41 புள்ளி. மூன்றாம் பகுதி முடிவில் 69. இனி இவர் கைக்குப் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ் ஆட்டக்காரர்கள் மற்ற வாரியர்ஸ் வீரர்களைப் பிடித்துப் பிடித்து ஃபவுல் செய்கிறார்கள். வாரியர்ஸ் விடுவார்களா? பந்தைத் திரும்ப வாங்க அவர்களும் ஃபவுல் செய்கிறார்கள். கூட்டம் எண்ணத் தொடங்குகிறது. தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு… முடிய 46 விநாடி இருக்கும்போது பந்து இறங்கியது. நூறு! (கைதட்டல்)

கைதட்டுங்கள், ஆனால் இதையும் கேளுங்கள். அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே போயின. எப்படி? கீழிருந்து வீசினார். இரண்டு உள்ளங்கையும் பந்தின் இருபுறம். முழங்கால் மடிய, பந்து தொடைகளுக்கு நடுவே தொட்டில்போல் ஆடி மேலே எழும். விரல்நுனி வருடிவிட, பின்சுழற்சியோடு இறங்கும். விளிம்பில் பட்டாலும் துள்ளி ஓடாது. இந்த முறையில் ரிக் பேரி என்ற வீரர் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டார்.

வில்ட் இதை விட்டுவிட்டார். வெட்கமாக இருந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். வாழ்நாள் கணக்கு: 11,862 வீச்சில் 6,057. பாதிதான்! ஷகீலிடம் சொல்லிப் பார்த்தார்கள், மாட்டேன் என்றார். 2000ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி அவரை ஃபவுல் செய்தே 39 முறை கோட்டுக்கு அனுப்பியது, போட்டது 18. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்காத வழி கையிலேயே இருந்தும், பிறர் சிரிப்பார்களே என்று விட்டார்கள்.

போன கோடையில் ஒரு முகாமில், வகுப்பிலேயே உயரமான ஒரு பெண்பிள்ளை கீழிருந்து வீசிப் பத்துக்கு எட்டு போட்டாள். வாளித் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவரும் சிரித்தார். மறுநாள் அவள் தலைக்கு மேலிருந்து வீசினாள். பத்துக்கு மூன்று. உயரத்துக்காக ஏற்கெனவே கூனி நடக்கிற பிள்ளை அவள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் போகிற மேடையெல்லாம் இதையே சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

யானைக்கும் அடி சறுக்கும், பிள்ளைகளே. சறுக்குகிற இடம் தெரிந்தால் கால் ஊன்றும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுப் போட்டியில் கீழ்வீச்சுக்கென்று தனிப் பரிசு ஒன்று வையுங்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு கோப்பைக்கும் ஆகும் செலவு என்னுடையது. முன்பணத்தை இப்போதே பொருளாளர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.