வெள்ளி மாலை டிஸ்சார்ஜ்

வணக்கம் நேயர்களே.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குளிப்பாட்டி, மருந்தெடுத்துக் கொடுக்க வரவேண்டிய கேரர் திங்கள் வரை எட்டியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி உள்ளூராட்சிக் கவுன்சிலைக் கைகாட்டுகிறது. கவுன்சிலோ, தகவலே வரவில்லை என்கிறது.

இந்த இழுபறிக்கு இங்கிலாந்தின் 2009 முறைப்பாட்டு விதிகளில் வழி இருக்கிறது. ஒரு முறைப்பாடு என்எச்எஸ் (அரச சுகாதார சேவை), கவுன்சில் இரண்டையும் தொட்டால், யார் முன்னின்று விசாரிப்பது என்பதை அவர்களே பேசி முடிவெடுத்து, ஒருங்கிணைந்த ஒரே பதில் தரவேண்டும். ஆகவே இரண்டு கடிதம் எழுதி அலையாதீர்கள். ஒரே கடிதத்தில் இரு தரப்பையும் குறிப்பிட்டு, ஒரே பதிலைக் கேளுங்கள். கடிதத்தை மற்றத் தரப்புக்கு அனுப்பச் சம்மதம் என்று அதிலேயே எழுதுங்கள். அம்மாவுக்காக நீங்கள் எழுதினால் அவருடைய ஒப்பத்தையும் முதலிலேயே வாங்கி இணையுங்கள். இவை இல்லாவிட்டால் கோப்பு அசையாது.

முறைப்பாடு கிடைத்ததை 3 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது, எப்போது பதில் தருவது என்று உங்களோடு பேசவும் முன்வர வேண்டும். இந்தப் பேச்சைச் சடங்காக முடித்துவிடுவதுதான் பெரிய கேடு என்பேன். "அம்மாவைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் "வருந்துகிறோம்" என்றுதான் வரும். "கேரர் ஏஜென்சிக்கு அறிவித்தது யார், எத்தனை மணிக்கு? மருந்துப் பட்டியல் ஏன் கூட வரவில்லை?" என்று இலக்கமிட்டுக் கேளுங்கள், நழுவுவது கடினம். தொலைபேசியில் பேசினாலும், ஒத்துக்கொண்ட கேள்விகளை அன்றே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்யும் நேயர்களுக்கும் ஒன்று: மன்னிப்புக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் போகவில்லை. மன்னிப்புக் கேட்பது மட்டும் தவறுக்குப் பொறுப்பேற்றதாகாது என்று 2006 இழப்பீட்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

சம்பவம் நடந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்து, 12 மாதங்களுக்குள் முறைப்பாடு செய்யவேண்டும். 6 மாதத்தில் பதில் தராவிட்டால் காரணத்தை எழுத்தில் தரவேண்டியது அவர்கள் கடமை. என்எச்எஸ் முறைப்பாட்டுக்குக் கடிதம் எழுத உதவும் இலவச ஆலோசகரை உங்கள் கவுன்சில் ஏற்பாடு செய்திருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால், ஒம்புட்ஸ்மன் எனும் சுயாதீன முறைப்பாட்டு விசாரணையாளரிடம் போகலாம். சிகிச்சைக்கு நாடாளுமன்ற, சுகாதார சேவை ஒம்புட்ஸ்மன். பராமரிப்புக்கு உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். இரண்டும் கலந்திருந்தால் அவர்கள் சேர்ந்தே விசாரிக்கலாம். சொந்தப் பணத்தில் கேர் ஹோமில் இருப்பவரும் இரண்டாமவரிடம் போகலாம். கடைசிப் பதில் கடிதத்தின் பிரதியை மறக்காமல் இணையுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.