மீன் கூடையோடு வரலாம்

(மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், கத்தோலிக்க வழிபாட்டுக் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சாமிமார்களே, அருட்சகோதரிகளே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"பழைய வழிபாடா, புதிய வழிபாடா" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எங்கள் ஊர்க் கோயிலின் பின்வாசல் படியிலிருந்து தொடங்குகிறேன்.

உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை சேர்வார்கள். மீன் இறங்குகிற நேரமும் பூசை மணி அடிக்கிற நேரமும் ஒன்றுதான். ஏலத்தில் மீன் எடுத்த ஒரு அக்கா, பஸ் பிடிக்கப் போகிற வழியில் எங்கள் கோயில் பின்வாசலுக்கு வருவார். கூடையைச் சுவரோரம் இறக்கி வைப்பார். சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடித்ததும் படியிலேயே முழங்கால் போடுவார். நன்மை, அதாவது அந்த அப்பத்தை, கொடுக்கத் தொடங்கும்போது கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். பல வருஷமாக இப்படித்தான்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஏன்க்கா உள்ள வர மாட்டேங்கிறீங்க?" அவர் சொன்னார்: "மீன் வாடை அடிக்கும் டீச்சர். வெளுத்த சேலை கட்டி நிக்கிறவங்க பக்கத்துல போய் எப்படி நிக்கிறது?"

பின்சுவர் ஓரம் கூடை வைக்கக் கூடாது என்று அதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தோம். அதை எழுதிய கை என் கை. அதை உங்கள் முன்னால் சொல்லாமல் வழிபாட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களுக்குள், நடந்துகொண்டிருந்த சண்டை எது தெரியுமா? கிடார் வேண்டுமா, ஆர்மோனியம் போதுமா என்பதுதான். கைதட்டிப் பாடினால் பெந்தெகோஸ்து மாதிரி ஆகிவிடும் என்று பெரியவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமனகாலப் பாட்டெல்லாம் இழுவையாக இருக்கிறது என்று இளையவர்கள். இரண்டு பக்கமும் கோயிலுக்கு உள்ளே உட்கார்ந்துதான் சண்டை போட்டோம். படியில் நின்றவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழசு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் பார்ப்போம். 1542-ல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் சாமியார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் பெயர்த்து வாங்கி, தாமே மனப்பாடம் செய்து சொல்லிக் கொடுத்தார். படிப்பறிவில்லாத பரதவப் பிள்ளைகளுக்காக அன்றைக்குச் செய்த புது ஏற்பாடு அது. நம் வேதாளைக் கரையில் 1549-ல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி சாமியார், பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்று கரையிலேயே நின்றவர். அப்புறம் அருளானந்தர் சாமியார். லிஸ்பனில் பிறந்தவர், காவி உடுத்தி, கறி மீன் விட்டு, பண்டாரசாமி என்கிற துறவியாக வாழ்ந்தார். மக்கள் கிட்டே வரக் கூசக் கூடாது என்பதுதான் காரணம். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. இன்றைக்கும் அந்தச் செம்மண்ணை எல்லா மதத்தாரும் எடுத்துப் போகிறார்கள்.

என் பாட்டி காலத்துப் பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்துச் செபிப்பார், பாட்டி கீழே தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகுதான் பூசையில் தமிழ் வந்தது. விசுவாசத்தைத் தொடாத காரியங்களில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த விருப்பமில்லை என்று அந்த ஏட்டிலேயே இருக்கிறது. 1969-ல் இந்தியாவுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோமாபுரி அனுமதி கொடுத்தது. எண்ணெய் விளக்கு, தரையில் உட்காருவது, கைகூப்பி வணங்குவது எல்லாம் அதில் உண்டு. இதெல்லாம் இந்து முறை என்று அப்போது எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்குத் திருவிழாக் கொடியேற்றத்தில் குத்துவிளக்கு இல்லாவிட்டால் நாமே கேட்போம்.

சரி, எங்கள் ஊரில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு செபக் கூட்டம் தொடங்கினோம். நாற்காலி கிடையாது, மணலில் ஓலைப்பாய். நடுவில் ஒரு விளக்கு. நற்செய்தியிலிருந்து ஒரு சின்னப் பகுதியை இரண்டு தரம் நிதானமாக வாசிப்போம். பிறகு சும்மா இருப்போம். அலைச் சத்தம் மட்டும் கேட்கும். முதல் வாரம் அந்த ஐந்து நிமிஷம் எனக்கே தாங்கவில்லை. அதற்கப்புறம் கடலுக்குப் போனவர்கள், பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் இருப்பவர்கள், திரும்பாதவர்கள் பேரை, வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவோம்.

இது பூசை இல்லை, பூசைக்கு மாற்றும் இல்லை. அதில் எங்கள் பங்குச் சாமியார் உறுதியாக இருந்தார், நானும்தான். ஆனால் இதைப் பார்த்த பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு பூசையை அவர் மாலைக்கு மாற்றிக் கொடுத்தார். மீன் விற்று, குளித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு வருகிற நேரம் அது.

அந்த ஒருவரிப் பாட்டு முறையைக் கொண்டு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். பிரான்சில் சகோதரர் ரோஜர் 1940-ல் தொடங்கிய தெசே என்ற துறவியர் குழுமத்தில் இப்படித்தான் பாடுவார்கள் என்று சொன்னார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா கேட்டுவிட்டு, "இது நம்ம தேவமாதா பிரார்த்தனைதானே, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்ற மாதிரி" என்றார். பிள்ளைகள் அசந்து போனார்கள். புதுசு என்று கொண்டு வந்தது அவர் வாயில் எழுபது வருஷமாக இருக்கிறது!

என் கருத்து ஒன்றைப் பிடிவாதமாகவே சொல்கிறேன். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் போட்டுக் கலக்காதீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின் பாடுகளை ராகமாகச் சொல்லுகிற வியாகுலப் பிரசங்கத்துக்குக் கீபோர்டில் ரிதம் போட்ட ஒரு இடத்துக்கு நான் போயிருக்கிறேன். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சாமியார் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது அந்தப் பிரசங்கம். ஒப்பாரி மாதிரி இழுத்து, மூச்சு முட்டுகிற இடத்தில் நின்று, விம்மி, மறுபடி எடுக்க வேண்டியது. அதற்குத் தாளக்கட்டு ஆகாது. மகனை இழந்த தாயின் அழுகையை அவசரப்படுத்த முடியுமா? அதே மாதிரி, பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற இரவில் "மெதுவா, மெதுவா" என்று அதட்டுவதும் தப்பு. அதை அதன் போக்கில் முழுசாக விடுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் கூட்டத்தில் ஒரு மூலையில் வந்து உட்காருங்கள். பிள்ளைகள் பிரசங்கத்தைக் கடைசி வரை இருந்து கேளுங்கள். நான் கேட்கிற சமநிலை அவ்வளவுதான்.

கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். குடிதண்ணீர் இல்லாத தீவு. மாலையில் மணலில் சிலுவைப்பாதை, இரவில் சப்பரம், காலையில் பூசை. எல்லாம் பழைய முறைதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரரும் ராமேஸ்வரத்துக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் மணலில் படுத்துத் தூங்கி எழுந்து அந்தப் பூசைக்கு நிற்கிறார்கள். அங்கே யார் உடம்பிலும் உப்பும் மீன் வாடையும் உண்டு. யாரும் தள்ளி நிற்பதில்லை. தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவிலும் பாருங்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். பழைய முறை அவர்களை வெளியே நிறுத்தவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பாட்டை மாற்றினால் மட்டும் ஆள் உள்ளே வந்துவிட மாட்டார். எங்கள் கோயில் சுவரிலிருந்து அந்த அறிவிப்பைக் கிழிக்க வேண்டியிருந்தது.

அந்த அக்கா வலைக் கொட்டகைக்கு மூன்றாவது வாரம் வந்தார், கூடையோடு. மகனின் பேரைச் சொன்னார். கடலுக்குப் போய்த் திரும்பாத மகன். அவருக்கு ஒரு மகன் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போன தவக்காலத்தில் மாலைப் பூசைக்கு உள்ளே வந்து, என் பக்கத்தில் நின்று நன்மை வாங்கினார். இப்போது பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஏழாவது பகுதியை அவர்தான் எடுத்துப் பாடுகிறார். எங்கள் பாடற்குழுவில் யாருக்கும் அந்தக் குரல் இல்லை.

அந்தப் பிரசங்க ராகம் முழுசாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது மூன்று பேர்தான். உங்கள் ஊர்களில் யாராவது இருந்தால் வியாழக்கிழமை மாலை கொட்டகைக்கு அனுப்பி வையுங்கள். போனில் பதிவு செய்து படிக்க ஆறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். பஸ் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். யாவாரம் முடிந்து நேராக வருகிறவர்கள் கூடையை உள்ளேயே வைக்கலாம், இடம் ஒதுக்கியிருக்கிறோம்.