ஆக்சைடை விடாத மனிதர்

நண்பர்களே, லித்தியம் அயனி பேட்டரிக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் எந்தத் துறைக்காரர்? ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் பார்த்தது வானிலைப் பணி. முனைவர் பட்டம் இயற்பியலில். 2019-இல், 97 வயதில், நோபல் பரிசு கிடைத்தது வேதியியலுக்கு.

திசை தெரியாமல் அலைந்தவர் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் கணினி நினைவகத்துக்கான ஃபெரைட்டுகள் என்ற காந்தப் பொருள்களில் அவர் வேலை செய்தார். அவை உலோக ஆக்சைடுகள், அதாவது உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்கள். உலோகமும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அங்கே அவருக்கு அத்துப்படியானது. 1976-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு, கனிம வேதியியல் ஆய்வகத்தின் தலைவராகப் போனார்.

அப்போது வேதியியலாளர் ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியமும் கந்தகமும் சேர்ந்த டைட்டானியம் டைசல்ஃபைடைக் கொண்டு லித்தியம் பேட்டரி செய்திருந்தார். அடுக்கடுக்கான பொருள் அது. அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் அயனிகள் போய்வரும். ஆனால் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். கந்தகம் இருக்கும்வரை இதற்கு மேல் பெரிதாக ஏறாது என்று குட்இனஃப் கணித்தார். ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் கந்தகத்தினுடையவற்றைவிட ஆழமான ஆற்றல் மட்டத்தில் இருக்கின்றன. அதனால் ஆக்சைடில் உலோகத்திலிருந்து இன்னும் அதிகமாக எலக்ட்ரானைப் பிடுங்கலாம், மின்னழுத்தமும் உயரும். இது முழுக்க இயற்பியல்காரர் போடும் கணக்கு! 1980-இல் அவருடைய குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடை அறிவித்தது: 4 வோல்ட். அந்தக் குழுவில் டோக்கியோவிலிருந்து வந்த இயற்பியலாளர் கொய்ச்சி மிசுஷிமாவும் இருந்தார். அவர் பெயர் அடிக்கடி விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜப்பானிய வேதியியலாளர் அகிரா யோஷினோ பேட்டரியின் மறுமுனையில் லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் பொருளை வைத்தார். 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கோபால்ட் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன குட்இனஃப், அங்கே இரும்பின் பக்கம் திரும்பினார். 1997-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வெளிவந்தது. அதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறாது, தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. மின்னழுத்தம் 3.4 வோல்ட்தான், மின்கடத்தலும் மோசம். துகள்களைப் பொடிப்பொடியாக்கி, கார்பன் பூசி, அந்தக் குறையைப் பிறகு மற்ற ஆய்வாளர்கள் சரிசெய்தார்கள். இன்று மின்சாரக் கார்களிலும் பேருந்துகளிலும் பெருமளவில் ஓடுவது அந்தப் பொருள்தான்.