கிட்டார் பிரிட்ஜுக்குக் கிரவுண்ட் வயர் எதற்கு?

(காட்சி: ஆம்ப்ளிஃபயரில் இணைத்த கிட்டார். தந்திகளில் கை பட்டதும் இரைச்சல் தணிகிறது.)

தந்திகளைத் தொட்டவுடன் அந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சல் தணிந்ததைக் கவனித்திருப்பீர்கள். இதைப் பழுது என்று எண்ணிப் பலர் கிட்டாரைப் பிரித்துவிடுகிறார்கள். பிரிட்ஜின் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) கிரவுண்ட் இணைப்பு, அதாவது எர்த் இணைப்பு, சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம்.

கட்டடத்தின் மின்வயர்களிலிருந்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் பரவும் மின்புலத்தை வாசிப்பவரின் உடல் ஓர் ஆன்டெனாவைப் போல வாங்கி, அருகிலுள்ள பிக்கப்புக்கும் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) மறைப்பில்லாத வயர்களுக்கும் சேர்த்துவிடுகிறது. தந்திகள் பிரிட்ஜைத் தொடுகின்றன. பிரிட்ஜிலிருந்து ஒரு வயர் வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியிலுள்ள பாகம்) முதுகுக்குச் செல்கிறது. அங்கிருந்து ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) ஸ்லீவ் என்னும் வெளித்தொடர்பு, கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டை அடைகிறோம். பெயர்தான் பிரிட்ஜ் கிரவுண்ட். உண்மையில் கிரவுண்ட் செய்யப்படுபவர் வாசிப்பவர். ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் காந்தப்புலத்தை வாங்குவதால் வரும் இரைச்சல் வேறு வகை. அதற்கு இந்த வயர் மருந்தாகாது.

(காட்சி: பின்மூடி திறந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்.)

வயரை இணைக்கும் முறை கிட்டார் மாடலுக்கு மாடல் வேறு. டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் தகட்டின் அடியில் ஒரு வெற்று வயரை அழுத்தி வைத்தாலே போதும். லெஸ் பாலில், தந்திகளின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸைத் தாங்கும் ஸ்டட் என்னும் திருகின் குழிக்குள் வயர் நுழைந்து உலோகத்தோடு நெருக்கமாக அழுந்தியிருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில்தான் சால்டரிங் வேலை: பின்குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கிளா என்னும் எஃகுத் தகட்டில் வயரைப் பற்றவைக்க வேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கிளா கனமான உலோகம் என்பதால் 25 வாட் சால்டரிங் அயர்னின் சூட்டை அப்படியே விழுங்கிவிடும். சால்டர் பரவாமல் மணிபோல உருண்டு நிற்கும், வயரை இலேசாக இழுத்தால் உருண்டையோடு பெயர்ந்து வரும். உப்புத்தாளால் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, 60 வாட்டுக்குக் குறையாத அயர்னின் அகன்ற முனையைத் தகட்டின்மேல் வைத்து, சால்டர் தண்ணீர்போலப் படர்ந்த பிறகே வயரை அதில் அமிழ்த்துங்கள். அது உறையும்வரை கை அசையக் கூடாது.

(காட்சி: மல்டிமீட்டர்.)

கேபிளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை ஜாக்கின் ஸ்லீவிலும் வையுங்கள். ஓரிரு ஓமுக்குள் காட்டினால் இணைப்பு நன்று. எதுவும் காட்டாவிட்டால், சால்டரைக் குறை சொல்லும் முன் பிரிட்ஜின் பூச்சைப் பாருங்கள். கறுப்புப் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே வயர் தொடும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிட வேண்டும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால், பெரும்பாலும் ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கும்.

தந்திகள் வழியாக நீங்கள் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், எர்த் முனை உடைந்த பிளக்கோடு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் செருகாதீர்கள்.