சின்னப் பட்டறைகள் கேட்டுப் பெற வேண்டிய உதவிகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் உங்களில் பலர் வேலையில்தான் இருப்பீர்கள். மயிலாடியில் சிற்பக்கூடத்தில், ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய்த் தும்பு ஆலையில், மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் எங்கோ ஒரு மூலையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மெஷினில் கை வைத்திருப்பவர்கள் கவனத்தை வேலையில் வையுங்கள். மற்றவர்கள் கேட்டு அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அண்டி ஆபீஸ்களை விட்டால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொழில் என்பது பெரும்பாலும் வீட்டை ஒட்டிய ஒரு ஷெட். ஐந்து பேர், எட்டுப் பேர் இருப்பார்கள். முதலாளியும் கூட நின்று வேலை செய்வார். உருளையில் விரல் மாட்டினால் அது அவருடைய விரலாகவும் இருக்கலாம். அதனால் நான் இன்று சொல்வது முதலாளி, தொழிலாளி இரண்டு பேருக்கும்தான்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் சின்னப் பட்டறைகளுக்கு உதவி இருக்கிறது. பல உதவிகளுக்குக் காசே வேண்டாம். ஆனால் அடிபட்ட பிறகு தேடுகிறோம், அடிபடும் முன் கேட்பதில்லை.

மயிலாடியில் நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மயிலாடிக் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கூடத்தில் நந்தி ஒன்று பாதி முடிந்து கிடந்தது. அதன் கழுத்து மணிகளை ஒரு தம்பி கிரைண்டர் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளை. மூக்கைச் சுற்றி ஒரு தோர்த்துத் துண்டு. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் குழாயை எடுத்தார். தலை, கழுத்து, சட்டை என்று வரிசையாகக் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிட்டுவிட்டு, "இப்ப சரியாச்சு" என்றார்.

சரியாகவில்லை, நேயர்களே. கல்லில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், தழும்பாக்கும். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். வந்த பிறகு அதை முழுவதும் குணமாக்கும் மருந்து இல்லை. டி.பி. பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். தோர்த்து அந்த நுண்தூளைத் தடுக்காது. கம்ப்ரசர் காற்றோ, உட்கார்ந்துவிட்ட தூளை மறுபடி எழுப்பி மூக்குக்கே கொண்டுவரும்.

கூடத்தின் உரிமையாளர் கேட்டார்: "எங்க பாட்டா காலத்துல இருந்து கல்லு கொத்துதோம். அப்பம் இதெல்லாம் யாரு பாத்தா?" நியாயமான கேள்விதான். உளி கொத்தினாலும் தூசி உண்டு. ஆனால் கிரைண்டர் வட்டு நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. பாட்டா ஒரு நாளில் கிளப்பிய தூளை அது சீக்கிரமே கிளப்பிவிடும்.

அங்கே செய்த மாற்றம் பெரிய செலவில்லாதது. மேலே ஒரு தண்ணீர் கேன், அதிலிருந்து மெல்லிய குழாய், ஒரு சின்ன வால்வு. வட்டு கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் விழுந்தபடியே இருக்கும். வெள்ளைப் புகை அடங்கியது, தூள் சேறாகக் கீழே ஓடியது. கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடாதீர்கள், அடுத்தது இன்னும் முக்கியம். தண்ணீர் வந்தால் கரண்டையும் பார்க்க வேண்டும். டேப் சுற்றிய ஒயர் ஜாயின்ட் ஒன்று அந்தச் சேற்றிலேயே கிடந்தது! முதலில் ஒயரை மாற்றி மேலே கட்டினார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஈ.எல்.சி.பி. போட்டார்கள். இரண்டும் முடிந்த பிறகுதான் தண்ணீர் வைத்து வேலை. முடிந்தவர்கள் கரண்டில் இல்லாமல் கம்ப்ரசர் காற்றில் ஓடுகிற மெஷினுக்கு மாறுங்கள், ஈரத்தில் அதுதான் நல்லது. தோர்த்துக்குப் பதில், முகத்தில் இடைவெளி விடாமல் பொருந்துகிற என்-95 முகக்கவசம். துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டுவதும், கம்ப்ரசரால் உடம்பில் அடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

கல் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. இருமல், மூச்சிரைப்பு என்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ வேறு எங்கோ போனால், டாக்டரிடம் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். "நான் இத்தனை வருஷமா கல் வேலை செய்றேன்" என்ற ஒரு வரி போதும். எக்ஸ்ரே பார்க்கிறவருக்கு அது தெரியாவிட்டால் சிலிக்கோசிசை டி.பி. என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேலையைச் சொல்லுங்கள், மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது உரிமையாளரிடம் கேட்டேன், தொழிலகப் பாதுகாப்புத் துறையிடம் இதை முன்னமே கேட்டிருக்கலாமே என்று. அவர் சொன்னார்: "அவிய உள்ள வந்தா பின்ன எளுப்பமா போவாவளா?"

உள்ளே வந்தால் லேசில் போகமாட்டார்கள் என்ற இந்தப் பயத்தைத்தான் நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அமெரிக்காவில் 1970-ல் வந்த பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சிறு நிறுவனங்களுக்கென்று இலவச ஆலோசனை ஒன்று நடக்கிறது. கூப்பிட்டால் ஆள் வருவார், பட்டறையைச் சுற்றிப் பார்ப்பார், எது ஆபத்து என்று எழுதிக் கொடுப்பார். அபராதம் கிடையாது. ஆய்வாளர் பிரிவு வேறு, இவர்கள் வேறு. ஒரே நிபந்தனை, கடுமையான ஆபத்து என்று சொன்னதைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். நமக்கும் இப்படி ஒன்று வேண்டும். நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் பக்கத்திலுள்ள பட்டறைகளைப் பார்த்துச் சொல்லலாம். இதை நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதுவரை இருப்பதைப் பயன்படுத்துவோம். தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் பயிற்சியும் விழிப்புணர்வும் வேலைதான். நீங்களாகப் போய்க் கேட்பது வேறு, விபத்துக்குப் பிறகு அவர்கள் வருவது வேறு. தனியாகப் போகத் தயங்கினால் சங்கமாகப் போங்கள். தீயணைப்பு நிலையத்தைக் கேட்டால் தீயணைப்பானைக் கையாளுவதைச் செய்தே காட்டுவார்கள். தும்பு ஆலைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தும்பில் தீப்பிடித்தால் எப்படி ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அது 20 பேர். மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 இருந்தது, இப்போது 40. அதாவது சின்னப் பட்டறைகளை இனி தேடி வந்து பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. நாமே கேட்டால்தான் உண்டு.

பணத்துக்கு வருவோம். குறையில்லாமலும் சுற்றுச்சூழலைக் கெடுக்காமலும் பொருள் செய்கிறவர்களுக்கு மத்திய அரசின் சிறு, குறு தொழில் அமைச்சகம் 'ஜெட்' (ZED) என்று ஒரு சான்றிதழ் தருகிறது. அதில் முதல் படியான வெண்கலச் சான்றிதழிலேயே பணியிடப் பாதுகாப்பும் சுத்தமும் பார்க்கப்படுகின்றன. கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம் மானியம். பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு முழுவதும் இலவசம். அக்கா தங்கச்சிகளே, இதை விடாதீர்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் போதும், கோணத்தில் இருக்கிற மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரியுங்கள்.

அடுத்து ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. 10 பேர் இருந்தால் கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு. 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டுவது 487 ரூபாய் 50 காசு, தொழிலாளி கட்டுவது 112 ரூபாய் 50 காசு. இதைச் செலவு என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். சிலிக்கோசிசும் ஈ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களும் விரும்பினால் சேருவதற்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் வழி இருக்கிறது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ரப்பர் ஷீட் உருளையைப் பற்றியும், அண்டி எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும் அம்மாமார்களைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், அதற்கு இடமில்லை. மூன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று கேளுங்கள். தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை இடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கணக்கில் பணம் பிடித்திருக்கிறார்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

வணக்கம்.