செயின்ட் ஜான்ஸில் முதல் குளிர்காலம்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்திறங்கியவர்களுக்காக இந்த உரை. ஊருக்குப் பேசும்போது கவனித்திருப்பீர்கள்: மணி முள்தான் மாறுகிறது, நிமிட முள் அதே இடத்தில் நிற்கிறது. இந்தியா, இலங்கை நேரத்தைப் போலவே இந்தத் தீவின் நேரமும் அரை மணிக் கணக்கில் வருகிறது. குளிர்காலத்தில் வித்தியாசம் சரியாக 9 மணி, கோடையில் 8. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9 என்றால் ஜனவரியில் இங்கே நண்பகல் 12. டொரன்டோ உறவினர்களுக்கு இந்தச் சுலபம் கிடையாது.

அதே டொரன்டோ உறவினர்கள்தான் உடுப்பு விஷயத்தில் உங்களைக் குழப்பப் போகிறார்கள். இருப்பதிலேயே தடிமனான கோட்டை வாங்கச் சொல்வார்கள். ஆனால் கடல் சூழ்ந்த இந்த ஊரில் ஜனவரிக் குளிர் பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். இங்கே ஆளை வதைப்பது காற்றும் ஈரமும். காலையில் பனி, மதியம் மழை, இரவில் அத்தனையும் கண்ணாடி போல உறைந்த தரை. அதனால் மேலாடை காற்றும் நீரும் புகாததாக இருக்கட்டும், கனம் இரண்டாம்பட்சம். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குடைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், முதல் காற்றிலேயே கம்பி திரும்பிவிடும். சப்பாத்தின் மேல் மாட்டும் முள் வைத்த ரப்பர் பட்டை ஒரு சோடி கட்டாயம் வேண்டும். கடைக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிடுங்கள். வழவழப்பான ஓடு பதித்த தரையில் அதுவே வழுக்கும்.

வீட்டு விளம்பரங்களில் பி.ஓ.யு. என்று மூன்று எழுத்துகள் இருக்கும். மின்சாரம், சூடேற்றம் எல்லாம் உங்கள் செலவு என்பதுதான் அதன் பொருள். வாடகை மலிவாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுவே காரணம். கையெழுத்திடும் முன் போன வருடத்தின் பிப்ரவரி மின்கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். முன்பணமாக முதல் மாத வாடகையில் முக்கால் பங்குக்கு மேல் வாங்க மாகாணச் சட்டம் இடம் தராது.

பல வீடுகளில் சுவரின் அடியோரம் நீளமாக மின்சூடேற்றி ஓடும், சூட்டைக் கூட்டிக் குறைக்க அறைக்கு ஒரு திருகி. மிச்சம் பிடிக்கிறேன் என்று அத்தனையையும் அணைத்துவிட்டு விடுமுறைக்குப் போனால் வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள். மெத்தையையும் திரைச்சீலையையும் அதன் மேல் படவிடாதீர்கள், தீப்பிடிக்கலாம். இன்னொன்று, நம் சமையல். சோறு வடித்து, குழம்பு கொதிக்கும் ஆவி குளிர்ந்த சன்னல் கண்ணாடியில் நீராக வழிந்து, இரண்டே மாதத்தில் மரச்சட்டத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும். அடுப்பு மேலுள்ள விசிறியைச் சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி புயல். 2020 ஜனவரி 17 அன்று செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்தில் ஒரே நாளில் 76.2 சென்டிமீட்டர் பனி கொட்டியது. நகரில் 8 நாள் அவசரநிலை நீடித்தது, கடைகள் மூடிக் கிடந்தன, ராணுவம் மண்வெட்டியோடு வந்தது. எனவே அரிசி, பருப்பு, குடிதண்ணீர், மருந்து, டார்ச் விளக்கு, முழுதாக ஏற்றிய பேட்டரி எல்லாம் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்கட்டும். சரக்கில் பெரும்பகுதி கப்பலில் வருவதால் கடல் கொந்தளித்தால் காய்கறித் தட்டுகள்தான் முதலில் காலியாகும். பனியை ஒரே மூச்சில் அள்ளாதீர்கள்; 20 சென்டிமீட்டர் சேர்ந்ததும் ஒருமுறை, பிறகு ஒருமுறை என்று அள்ளினால் முதுகு பிழைக்கும். வண்டியின் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிய பிறகே எஞ்சினை இயக்குங்கள். குழாய் அடைபட்டிருந்தால் நச்சுப்புகை வண்டிக்குள் வந்துவிடும். குளிர்காலத்தில் இரவு நேரத்தில் தெருவில் வண்டி நிறுத்தத் தடையும் உண்டு. பனியகற்றும் வண்டிக்கு வழி விடாத காருக்கு அபராதம் நிச்சயம்.

எம்.சி.பி. எனும் மருத்துவ அட்டைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். அட்டை வந்தாலும் குடும்ப மருத்துவர் கிடைக்க நாளாகும். பேஷன்ட் கனெக்ட் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 811ஐ அழைத்தால் தாதி பேசுவார்.

நகருக்கு வெளியே வண்டி ஓட்டுவோருக்கு ஒரு எச்சரிக்கை, மூஸ் எனும் மிகப் பெரிய மான். 1904இல் நான்கே நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று தீவு முழுக்க அவைதான். கால் நெடியது, உடல் கறுப்பு. முன்விளக்கு கால்களில்தான் படும், கண் பளபளப்பதும் எளிதில் தெரியாது. மோதினால் அத்தனை எடையும் முன்கண்ணாடி வழியே உள்ளே வரும். பொழுது சாய்ந்தால் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிருங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். காரோடு கப்பலேறித் தீவை விட்டுப் போகிறவர்கள் உருளைக்கிழங்கும் செடிமண்ணும் எடுத்துச் செல்லக் கூடாது. இங்குள்ள மண்ணில் கிழங்கைத் தாக்கும் நோய் இருப்பதால் துறைமுகத்தில் சோதிப்பார்கள்.

முன்பின் தெரியாத கடைக்காரர் 'மை லவ்' என்றால் திடுக்கிட வேண்டாம், இங்கே எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். 'வேர் யா டு?' என்றால் எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், எங்கே போகிறாய் என்றல்ல. இந்தப் பரிவு வாய்ச்சொல்லோடு நிற்பதில்லை: 1986 ஆகஸ்டில் இந்தத் தீவின் கரைக்கப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரைக் காப்பாற்றியவர்கள் இத்தீவின் மீனவர்கள்தான்.

கோடை தொடங்கியதும், ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ, கேப்லின் மீன் முட்டையிட அலையோடு கரையேறும். மிடில் கோவ் கடற்கரைக்கு வாளியும் கைவலையுமாக ஊரே வரும். நெத்திலியைவிடப் பெரிது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி முழுதாகப் பொரியுங்கள், முள் உறுத்தாது.