வடகடலின் நிறம்

(இராமேஸ்வரத்துக்கு அருகே, வடக்கிலும் தெற்கிலும் கடல் உள்ள மண்டபம் என்னும் ஊரில், நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவை, கலையைப் பற்றிப் பேசப்போகிறேன், வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டேன். "கலையெல்லாம் படிச்சவங்களுக்கு சார், எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். அவர் மடியில் பாதி முடைந்த ஓலைப்பெட்டி. இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டு வாங்கித்தான் பெட்டியை இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன்.

பாருங்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சிலதை மட்டும் கொதிக்கும் சாயத்தண்ணீரில் முக்கி எடுத்து முடைந்தது. கருப்பட்டி போட்டு வைக்கச் சாயம் எதற்கு? வெறும் ஓலையே போதும். ஆனாலும் வாய்க்கு இரண்டு விரல் கீழே ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மறுபடி ஒரு சிவப்பு ஓடுகிறது. மூலை திரும்பும் இடத்தில் மட்டும் பச்சையை உள்ளே மறைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மூலையில பச்சை வந்தா பெட்டி கோணலாத் தெரியும்" என்றார். ஓவிய வாத்தியாராக நான் கரும்பலகையில் புரியவைக்கப் பாடுபட்ட விஷயம் இது. அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது. அங்கே உள்ள சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்களைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரமும் அப்படித்தான், எத்தனை முறை நடந்தாலும் அலுக்காது. அதையெல்லாம் கலை என்று சொல்ல நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் நடப்பதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

வலை பொத்துகிறவரை நின்று பார்த்திருக்கிறீர்களா? வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலை முதலில் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். சின்ன வயதில் எனக்கு அது பதறும். கிழிந்ததைப் போய் மேலும் வெட்டுகிறாரே! பிய்ந்த இழைகளை நீக்கி, முடிச்சு ஆரம்பிக்க ஒரு கண், முடிக்க ஒரு கண் என்று ஒழுங்கு செய்துகொண்டால்தான் ஊசி தடையில்லாமல் ஓடும். எதைக் களைவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நான் படைப்பு என்கிறேன். செய்வதெல்லாம் கலை என்று நான் சொல்லவில்லை. ஏனோதானோ என்று போட்ட முடிச்சு வெறும் முடிச்சுதான். இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் ஒரு நொடி நின்று யோசிக்கிறாரே, அந்த நொடியைச் சொல்கிறேன்.

சரி, என் மனதை அறுக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், ஐந்தாம் வகுப்பில் கடல் வரையச் சொன்னேன். ஒரு பையன் தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீலமும் மறு பாதிக்குப் பால் குறைந்த டீ மாதிரி ஒரு நிறமும் பூசியிருந்தான். நான் சிவப்பு மையில் 'கடல் நீலம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வருட வாடையில் ஒரு காலை, வடகரையில் பஸ்ஸுக்கு நின்றேன். காற்று அடித்து அடியிலிருந்த சேறு கிளம்பி வடகடல் முழுக்க அதே நிறம். தெருவைக் கடந்து தெற்கே போய்ப் பார்த்தேன். தென்கடல் நீலமாகக் கிடந்தது. இரண்டு கடலுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை, கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கிறான். பார்க்காமல் திருத்தியவன் நான். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். படம் இருக்கிறதா என்றும் கேட்டேன். மழையில் நனைந்து போய்விட்டது சார் என்றான்.

இப்போதும் வாடைக்காலம்தான். பேச்சு முடிந்ததும் வடகரைக்கு நடந்து போகப்போகிறேன். பிள்ளைகள் வண்ணப்பெட்டியோடு வரலாம். அந்த நிறத்தை எப்படிக் கலப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அக்கா, நீங்களும் வாங்க. சாயம் கலக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.